ஒட்டுண்ணிக்காக வாதாடிய ஆசிரியர்

மனிதரை மனிதர் இழித்துரைக்கக் கையாளும் சொற்களில் ஒட்டுண்ணி என்பதும் ஒன்று. அரசு உதவித்தொகை பெறும் முதியவரையும், வேலை கிடைக்காத இளைஞரையும், பிழைப்புத் தேடி வேற்றூரிலிருந்து வந்தவரையும் இச்சொல்லால் சுட்டுவோர் உண்டு. உழைக்க மனமில்லாதவர், பிறர் தேடிய தேட்டத்தில் உண்டு கொழுப்பவர் என்பது அதன் உட்பொருள். அப்படிப் பேசுவோர் இயற்கையையே சாட்சிக்கு அழைக்கிறார்கள். தேனீயைப் பார், எறும்பைப் பார் என்கிறார்கள். அந்தச் சாட்சியைக் கேட்கும்போதெல்லாம், தேனீயை நம்மில் எவரையும்விட நெடுங்காலம் பார்த்துக்கொண்டிருந்த ஒரு பிரெஞ்சுப் பள்ளி ஆசிரியரை நான் நினைத்துக்கொள்கிறேன். அவர் பெயர் ழான் ஆன்ரி ஃபாப்ர். 1823-இல் பிறந்து 1915-இல் மறைந்தவர்.

அவரைப் பற்றிச் சொல்லுமுன் தேனீயைப் பற்றிச் சிறிது சொல்ல வேண்டும். தேனீ என்றதும் நம் மனத்தில் எழுவது அடையும் ராணியும் ஆயிரக்கணக்கான வேலைக்காரத் தேனீக்களும்தாம். ஆனால், உலகில் இனங்காணப்பட்டுள்ள 20,000-க்கும் மேற்பட்ட தேனீ இனங்களில் மிகப்பெரும்பாலானவை தனித்து வாழ்பவை. அவற்றிலும் பெரும்பகுதி மண்ணில் வளை தோண்டிக் குடியிருப்பவை. தாய்த்தேனீ ஒற்றையாளாக மண்ணைக் குடைகிறாள். வளையின் உள்ளே சிற்றறைகள் அமைக்கிறாள். ஒவ்வோர் அறையிலும் மகரந்தத்தையும் பூந்தேனையும் குழைத்து வைத்து, அதன்மேல் ஒரு முட்டையிட்டு, அறையை மூடிவிடுகிறாள். பிறக்கப்போகும் பிள்ளையை அவள் பெரும்பாலும் காண்பதில்லை.

இந்த உழைப்பின் வாயிலில்தான் குயில் தேனீ காத்திருக்கிறது. காக்கையின் கூட்டில் முட்டையிடும் குயிலைப் போல, இது மற்றொரு தேனீயின் அறைக்குள் புகுந்து தன் முட்டையை வைத்துவிடுகிறது. அதற்கு வளை தோண்டத் தெரியாது. மகரந்தம் சுமக்கும் தூரிகை மயிர்களும் அதன் உடலில் இல்லை. அதன் புழுவோ, பல இனங்களில், அரிவாள் போன்ற தாடைகளோடு பிறந்து, வீட்டுக்குரிய முட்டையையோ புழுவையோ கொன்றுவிட்டு, வைத்திருக்கும் உணவை உண்டு வளர்கிறது. உலகத் தேனீ இனங்களில் பத்தில் ஒன்றுக்கும் மேற்பட்டவை இப்படி வாழ்கின்றன. ஒட்டுண்ணி என்று ஏசுவோருக்கு இதைவிடப் பொருத்தமான உவமை கிடைக்காது. அந்த உவமையைத்தான் ஃபாப்ர் ஏற்க மறுத்தார். ஏன் மறுத்தார் என்பது அவர் வாழ்க்கையோடு சேர்த்துப் பார்த்தால்தான் விளங்கும்.

தென் பிரான்சின் அவெய்ரோன் பகுதியில், சேன் லெயோன் என்னும் மலைச் சிற்றூரில் ஏழைக் குடும்பத்தில் அவர் பிறந்தார். தாத்தா பாட்டியின் பண்ணை வீட்டில் ஆடுமாடுகளுக்கிடையே குழந்தைப் பருவம் கழிந்தது. தந்தை காபிக்கடை வைத்து ஒவ்வோர் ஊராகத் தோற்றுக்கொண்டே போனவர். குடும்பம் சிதறியபோது சிறுவனாக இருந்த ஃபாப்ர் சந்தையில் எலுமிச்சம்பழம் விற்றார். ரயில்பாதை போடும் இடத்தில் கூலி வேலை செய்தார். பின்னர் அவிஞ்ஞோன் நகரின் ஆசிரியர் பயிற்சிப் பள்ளிக்கான போட்டித் தேர்வில் வென்று, உதவித்தொகையோடு படித்தார். 1842-இல், பத்தொன்பது வயதுகூட நிறையாத நிலையில், கார்பந்த்ராஸ் நகரில் ஆசிரியரானார். ஆண்டுச் சம்பளம் 700 பிராங்க்.

அங்கே நில அளவை கற்பிக்க மாணவர்களைத் திறந்த வெளிக்கு அழைத்துச் செல்வார். மாணவர்கள் அளவுகோலை மறந்துவிட்டுக் கூழாங்கற்களின்மேல் ஒட்டியிருந்த மண்கூடுகளை உடைத்து, வைக்கோல் குழலால் தேன் உறிஞ்சுவதைக் கண்டார். அவை கொத்தனார்த் தேனீயின் கூடுகள். அந்தத் தேனீயைப் பற்றி அறிய விரும்பி, பூச்சிகளைப் பற்றிய நூல் ஒன்றை வாங்கினார். அதன் விலை அவருடைய ஒரு மாதச் சம்பளம். குடும்பத்துக்குரிய பணத்தை இப்படிச் செலவிட்டதை நான் பாராட்டவும் மாட்டேன், பழிக்கவும் மாட்டேன். ஆனால், அறிவியல் வரலாற்றில் இவ்வளவு பயன் தந்த ஒரு மாதச் சம்பளம் வேறு உண்டா என்று வியந்ததுண்டு.

கார்சிகா தீவில் சில ஆண்டுகள் இயற்பியல் கற்பித்தார். அங்கே காய்ச்சல் கண்டு உடல் நலிந்து, 1853-இல் அவிஞ்ஞோன் உயர்நிலைப் பள்ளிக்கு வந்து சேர்ந்தார். அங்கு ஆண்டுக்கு 1,600 பிராங்க். அங்கிருந்த ஆண்டுகளில் அத்தொகை உயரவே இல்லை. பிள்ளைகள் பெருகினர். தனிப்பாடம் சொல்லிக்கொடுத்தும், மஞ்சிட்டி இனச் செடியின் வேரிலிருந்து சாயம் எடுக்கும் முறையை ஆராய்ந்தும் வருவாய்க்கு வழி தேடினார். ஆராய்ச்சி வென்றது. ஆனால், பலன் கைக்கு வரும் வேளையில் செயற்கைச் சாயம் கண்டுபிடிக்கப்பட்டு, அந்தச் செடிக்கே மதிப்பில்லாமல் போயிற்று.

இந்த வறுமைக்கு நடுவில்தான் அவர் 1857-இல், குயில் தேனீயையும் விஞ்சும் ஓர் ஒட்டுண்ணியின் கதையை வெளியிட்டார். கார்பந்த்ராஸ் அருகே வெயில் காயும் செங்குத்தான மண்மேடுகள் உண்டு. ஆந்தோபோரா என்னும் தேனீக்கள் அவற்றில் நூற்றுக்கணக்காக வளை குடைந்து வாழ்கின்றன. அந்த வளைகளின் வாயிலில் சிட்டாரிஸ் என்னும் வண்டு கோடையின் இறுதியில் சுமார் 2,000 முட்டைகளை இட்டுவிட்டு மடிகிறது. இலையுதிர் காலத்தில் பொரியும் கடுகளவுகூட இல்லாத குஞ்சுகள் உணவே இன்றி, ஏறக்குறைய ஏழு மாதங்கள், குளிர்காலம் முழுவதும் அங்கேயே குவிந்து கிடக்கின்றன. வசந்தத்தில் முதலில் வெளிவருபவை ஆண் தேனீக்கள். குஞ்சுகள் அவற்றின் மயிரைப் பற்றிக்கொள்கின்றன. ஆணும் பெண்ணும் கூடும்போது பெண்ணின் உடலுக்கு மாறுகின்றன. அவள் தேன் நிரம்பிய அறையில் முட்டையிடும் அந்த நொடியில், முட்டையின்மேல் இறங்கிக்கொள்கின்றன. தேனுக்குள் விழுந்தால் சாவு. முட்டையே தெப்பம். அந்தத் தெப்பத்தை எட்டு நாள்களில் தின்று முடித்ததும், குஞ்சு தோல் உரித்து முற்றிலும் வேறான உருவெடுத்து, தேனின்மேல் மிதந்தபடி அதைக் குடித்து வளர்கிறது.

இந்தக் கதையை நான் முதலில் வாசித்தபோது திருட்டைப் பற்றி எண்ணத் தோன்றவில்லை. அந்த 2,000 குஞ்சுகளில் எத்தனை கரையேறும் என்றுதான் எண்ணத் தோன்றியது. ஆண் தேனீயைப் பற்றத் தவறியவை, பற்றியும் பெண்ணிடம் மாற முடியாதவை, மாறியும் தேனில் வழுக்கி விழுந்தவை என ஒவ்வொரு படியிலும் கூட்டம் கூட்டமாக அழிகின்றன. ஓசியில் வாழும் வாழ்வு இவ்வளவு விலையுடையது என்பதை ஃபாப்ர் தன் முப்பத்து மூன்றாம் வயதிலேயே கண்டுகொண்டார்.

சார்லஸ் டார்வினும் அக்காலத்தில் இதே புதிரைச் சிந்தித்துக்கொண்டிருந்தார். 1859-இல் வெளிவந்த உயிரினங்களின் தோற்றம் என்னும் நூலில், உள்ளுணர்வு பற்றிய இயலில், குயிலுக்கு அடுத்தபடியாகப் பிறர் கூட்டில் முட்டையிடும் தேனீக்களைப் பற்றி எழுதினார். மகரந்தம் சேகரிக்கும் உறுப்பு அவற்றுக்கு இல்லாததைச் சுட்டினார். அதே இடத்தில் ஃபாப்ரின் பெயரையும் குறிப்பிட்டார். தானே வளை தோண்டி இரை சேமிக்கும் ஒரு கருங்குளவி, வேறொரு குளவியின் நிறைந்த வளையைக் கண்டால் அதைக் கைப்பற்றிக்கொள்கிறது என்னும் ஃபாப்ரின் கருத்து, டார்வினுக்கு ஓர் இணைப்புக் கண்ணியாக அமைந்தது. வாய்ப்பு வந்தபோது மட்டும் திருடும் பழக்கம், பயன் தந்தால், தலைமுறைகள் கடந்து நிலையான ஒட்டுண்ணி வாழ்வாக மாறக்கூடும் என்று அவர் கருதினார். பின்னர் ஃபாப்ரை ஒப்பற்ற உற்றுநோக்காளர் என்றும் பாராட்டினார். இருவரும் கடிதம் எழுதிக்கொண்டனர். தேனீக்களை இருண்ட பெட்டியில் வைத்துச் சுழற்றி, அவை வீடு திரும்புகின்றனவா என்று பார்க்கும் சோதனையை டார்வின் சொல்ல, ஃபாப்ர் செய்து பார்த்தார்.

ஆனால், பரிணாமக் கொள்கையை ஃபாப்ர் இறுதிவரை ஏற்கவில்லை. தாம் ஐயுற்ற அந்தக் கருங்குளவியையும் பிற்காலத்தில் மறுபடி ஆராய்ந்து, அது தானே வேட்டையாடும் நேர்மையான தாய் என்று எழுதி, பழைய பழியை நீக்கினார்.

அதற்கிடையே மனிதர்கள் அவர்மேல் வேறொரு பழியைச் சுமத்தினர். கல்வி அமைச்சர் விக்தோர் துருய் அவருடைய திறமையை மதித்தவர். பெண்களுக்கும் அறிவியல் சென்று சேர வேண்டும் என்று விரும்பியவர். அவருடைய ஊக்கத்தால் அவிஞ்ஞோனில் ஃபாப்ர் மாலை வகுப்புகள் நடத்தினார். இளம்பெண்களும் வந்து கேட்டனர். பூவில் மகரந்தம் எப்படிச் சூலை அடைகிறது என்பதை அவர் அவர்கள் முன் விளக்கினார். இது ஒழுக்கக்கேடு என்று மதப் பழமைவாதிகள் கூச்சலிட்டனர். துருய் பதவி இழந்திருந்த நேரம் அது. 1870-இல் ஃபாப்ர் ஆசிரியப் பணியை விட்டு விலக நேர்ந்தது. குடியிருந்த வீட்டின் உரிமையாளர்களும் ஒரு மாதத்தில் வெளியேறச் சொன்னார்கள். கையில் பணமில்லை. மனைவியும் பிள்ளைகளுமாக நடுத்தெருவில் நிற்கும் நிலை.

அப்போது உதவியவர் ஆங்கிலச் சிந்தனையாளர் ஜான் ஸ்டூவர்ட் மில். அவிஞ்ஞோனில் இறந்த தன் மனைவியின் கல்லறைக்கு அருகிலேயே வீடு வாங்கி வாழ்ந்தவர் அவர். செடிகொடிகளின்மேல் இருந்த விருப்பம் இருவரையும் நண்பர்களாக்கியிருந்தது. ஃபாப்ரின் கடிதம் கண்டதும் மில் 3,000 பிராங்க் அனுப்பினார். கடன் பத்திரம்கூடக் கேட்கவில்லை. அந்தப் பணத்தில் ஒராஞ் என்னும் ஊரில் குடியேறி, ஃபாப்ர் பள்ளிப் பாடநூல்கள் எழுதினார். வானியல், வேதியியல், வேளாண்மை, வீட்டுப் பராமரிப்பு என அவர் தொடாத துறை இல்லை. கடனை முழுவதும் திருப்பிச் செலுத்தினார்.

இந்த இடத்தில் நான் சற்று நின்று எண்ணுவதுண்டு. 1870-ஆம் ஆண்டின் அந்தக் குளிர்காலத்தில் ஃபாப்ரைப் பார்த்த ஒருவர், நாற்பத்தாறு வயதில் வேலையின்றிப் பிறர் பணத்தில் குடும்பம் நடத்தும் மனிதர் என்று மட்டும் கண்டிருந்தால், அவருக்கு எந்தப் பெயரைச் சூட்டியிருப்பார்?

1877-இல் அவருடைய மகன் ழூல் பதினாறாம் வயதில் இறந்தான். பூச்சிகளையும் செடிகளையும் தந்தையோடு சேர்ந்து நேசித்த பிள்ளை. புதிதாகக் கண்ட குளவி இனங்களுக்கு அவன் பெயரை வைத்து, தன் நூல் வரிசையின் முதல் தொகுதியை அவனுக்கே படைத்தார். அத்தொகுதி வெளிவந்த 1879-இல்தான், செரிஞ்ஞான் என்னும் சிற்றூரின் ஓரத்தில், கல்லும் முள்ளும் நிறைந்த சுமார் ஒரு ஹெக்டேர் நிலத்தை வாங்கினார். அவ்வூர் வழக்கில் ஆர்மாஸ் என்றால் தரிசு. எதுவும் விளையாது என்று கைவிடப்பட்ட அந்நிலம், முட்செடிகளின் பூக்களை நாடிவரும் தேனீக்களுக்கும் குளவிகளுக்கும் சொர்க்கமாக இருந்தது. எஞ்சிய முப்பத்தாறு ஆண்டுகளையும் அவர் அங்கேயே கழித்தார். பூச்சியியல் நினைவுகள் என்னும் பத்துத் தொகுதிகள் 1907-க்குள் அங்கிருந்து வெளிவந்தன.

அந்தத் தொகுதிகளில் ஒட்டுண்ணிகளைப் பற்றி அவர் எழுதிய பகுதிகளே என்னை மிகவும் ஈர்த்தவை. சோம்பலால் ஒரு தேனீ திருடியது, அந்தச் சோம்பல் பரம்பரையாக இறங்கியது என்று விளக்கிய அக்காலக் கருத்தை எதிர்த்து, அவர் ஒரு வழக்கறிஞரைப் போலச் சான்றுகளை அடுக்கினார். கொத்தனார்த் தேனீயின் கூடு சிமெண்ட் போல இறுகியது. அதன்மேல் முட்டையிட வரும் ஸ்டெலிஸ் என்னும் சிறு குயில் தேனீ, அந்தக் காரையை வாயால் துகள் துகளாகக் கடித்துத் துளையிடுகிறது. உள்ளே முட்டையிட்டபின் தானே மண் குழைத்து அந்தத் துளையை அடைக்கிறது. கூடு வெண்சாம்பல் நிறம். ஸ்டெலிஸ் பூசிய இடமோ செம்மண் திட்டாகத் தெரியும். அந்தச் செந்திட்டைப் பார்த்தே உள்ளே யார் வளர்கிறார் என்று ஃபாப்ர் கண்டுகொள்வார். இப்படி உடைக்கவும் கட்டவும் தெரிந்த ஒன்றைச் சோம்பேறி என்பது எவ்வாறு பொருந்தும் என்பது அவருடைய கேள்வி. பிள்ளைக்காகத் தேன் சேகரிப்பதைவிடப் பூட்டிய வீட்டை உடைப்பது எளிய வேலை என்று அவருக்குத் தோன்றவில்லை.

அடுத்து அவர் மனிதனைச் சுட்டினார். கன்றுக்குரிய பாலைக் கறப்பவன், தேனீ சேர்த்த தேனை எடுப்பவன், ஆட்டின் மயிரைப் போர்த்துக்கொள்பவன் மனிதன். ஒட்டுண்ணி என்ற பெயர் எவருக்கேனும் முதலில் பொருந்துமானால் அது நமக்குத்தான் என்று அவர் கருதினார்.

ஆனாலும், ஒட்டுண்ணியால் விளையும் அழிவை அவர் மூடி மறைக்கவில்லை. தன் தோட்டத்தின் கெட்டிப்பட்ட மண்ணில் ஹாலிக்டஸ் என்னும் சிறு தேனீக்கள் ஒரு குடியிருப்பையே அமைத்திருந்ததை ஒரு வசந்தத்தில் கண்காணித்தார். ஒவ்வொரு வளையருகிலும் ஒரு சின்னஞ்சிறு ஈ வந்து அமரும். மகரந்தத்தோடு தாய்த்தேனீ வந்து இறங்குவாள். அந்த ஈயை ஒரே கடியில் நசுக்கிவிடும் வலிமை அவளுக்கு உண்டு. ஆனால், அவள் அதைப் பொருட்படுத்தாமல் உள்ளே போவாள், வருவாள். அவள் போனதும் ஈ உள்ளே புகுந்து முட்டையிடும். ஜூன் மாதத்தில் அவர் சுமார் ஐம்பது வளைகளையும் தோண்டி, மண்ணைச் சலித்துப் பார்த்தார். எங்கும் ஈயின் கூட்டுப்புழுக்களே கிடைத்தன. அந்தக் குடியிருப்பில் ஒரு தேனீப் பிள்ளைகூடத் தப்பவில்லை. கோடைத் தலைமுறையிலோ, முட்டையிடும் பருவம் கடந்த முதிய தாய் வாயிலில் காவல் நிற்கிறாள். தன் தலையையே கதவாக்கி வளையை அடைக்கிறாள். வீட்டுப் பிள்ளை வந்தால் பின்வாங்கி வழிவிடுகிறாள். வேற்றாள் வந்தால் விரட்டுகிறாள். அந்தத் தாய்மையையும் அந்த ஈயையும் ஃபாப்ர் ஒரே கவனத்தோடு, ஒரே பொறுமையோடு எழுதினார்.

டார்வினுக்கும் ஃபாப்ருக்கும் இடையிலான வழக்கில் இன்றைய அறிவியல் என்ன சொல்கிறது? குயில் தேனீக்களின் முன்னோர் மகரந்தம் சுமந்து உழைத்த தேனீக்களே. அந்த வாழ்க்கைமுறை ஒரே ஒரு முறை அன்றி, வெவ்வேறு குடும்பங்களில் பலமுறை தனித்தனியே தோன்றியிருக்கிறது. மாற்றம் நிகழ்ந்தது என்பதில் டார்வின் வென்றார். ஃபாப்ர் பிடிவாதமாக மறுத்த இடத்தில் தோற்றார். ஆனால், அந்த மாற்றத்துக்குச் சோம்பல் என்ற ஒழுக்கப் பெயரைச் சூட்டக் கூடாது என்பதில் ஃபாப்ரின் வாதம் அசையாமல் நிற்கிறது. வளையை மோப்பத்தால் தேடுவதும், தாய் வெளியேறும் நொடிக்குக் காத்திருப்பதும், கடிக்கும் கொட்டும் தாங்கத் தடித்த ஓடு பெற்றிருப்பதும் வேறொரு வகை உழைப்பே.

மற்றொன்றும் இன்று தெளிவாகியிருக்கிறது. குயில் தேனீ உயிர்வாழ வேண்டுமானால் அது நம்பியிருக்கும் தேனீ ஏராளமாக இருக்க வேண்டும். ஆகவே, ஒரு நிலப்பரப்பில் தேனீக்கள் குறையத் தொடங்கினால் முதலில் மறையக்கூடியவை குயில் தேனீக்களே. அவை இருப்பது அந்த நிலம் நலமாக இருப்பதன் அடையாளம் என்று சூழலியலாளர்கள் கருதுகிறார்கள். கொள்ளையர் எனப்பட்டவையே செழிப்பின் சாட்சிகளாகின்றன.

இது நமக்கும் தொலைவான செய்தி அன்று. ஃபாப்ர் குரோசிசா என்ற பெயரில் அறிந்திருந்த குயில் தேனீயின் உறவினங்கள், தைரியஸ் என்ற இன்றைய பெயரோடு, நம் ஊர்களிலும் பறக்கின்றன. கரிய உடலில் பளிச்சிடும் நீலத் திட்டுகள் கொண்டவை. மண்சுவரிலும் வரப்பிலும் வளை குடையும் நீலப்பட்டைத் தேனீயே அவற்றின் இலக்கு. தக்காளி, கத்தரிப் பூக்களை உடலதிர்வால் உலுக்கி மகரந்தம் உதிர்க்கும் அந்த நீலப்பட்டைத் தேனீக்கு வேண்டியது உரமோ பூச்சிமருந்தோ அன்று; வெறும் மண். முற்றத்தையும் தெருவோரத்தையும் இடைவெளியில்லாமல் சிமெண்ட் பூசி மூடுவதைத் தூய்மை என்று நாம் எண்ணிக்கொண்டிருக்கிறோம். வீட்டுக்கு ஒரு முழம் மண், பள்ளிக்கு ஒரு மூலை, பூங்காவுக்கு ஓர் ஓரம் என்று கிளறாமல் விட்டுவைத்தால், தேனீயும் வாழும், அதை நம்பிய குயில் தேனீயும் வாழும்.

முதுமையில்தான் ஃபாப்ருக்குப் புகழ் வந்தது. 1910-இல் நண்பர்கள் அவருக்கு விழா எடுத்தபோது, அந்த எண்பத்தாறு வயது முதியவரின் வறுமை பிரான்சுக்குத் தெரியவந்தது. நோபல் இலக்கியப் பரிசுக்கு அவர் பெயர் பரிந்துரைக்கப்பட்டது. குடியரசுத் தலைவர் புவான்காரே 1913-இல் அந்தத் தரிசு நிலத்துக்கு நேரில் வந்து வணங்கினார். ஈராண்டுகளில், 1915 அக்டோபர் 11-இல், தொண்ணூற்றோராம் வயதில் அவர் மறைந்தார். ஆர்மாஸ் 1922-இல் அரசுடைமையாகி, இன்று பாரிஸ் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தின் பொறுப்பில் இருக்கிறது.

கொள்கையில் தவறியவர், பார்வையில் தவறாதவர் என்று அவரைச் சொல்வேன். ஒருவரை ஒட்டுண்ணி என்று ஏசுமுன், அவர் எந்த வாயிலில் எவ்வளவு நேரம் காத்துநின்றார், எந்தக் காரையை எப்படிக் கடித்து உடைத்தார் என்று பார்க்க நமக்குப் பொறுமை இருக்கிறதா என்பதே கேள்வி. பூச்சிக்கே அந்தப் பொறுமையை வழங்கினார் ஓர் ஏழை ஆசிரியர். மனிதருக்கு நாம் அதை மறுக்கக் கூடாது.